தேன்மொழிக்காக ஒரு மன்றாட்டு

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்கிறீர்களா தங்கச்சி? கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் படிப்பதை நான் ஏன் தடுக்கப் போகிறேன்? என் கண்தான் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது. படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கோட்டை மதில், மதில்மேல் ஒரு பெண், கையில் தீவட்டி. 'ஏழிலைக் கோட்டை, ஏழாம் பாகம்' என்று போட்டிருக்கிறது, இல்லையா? பாருங்கள், பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அதையும் படித்துவிட்டேன். மாதாவே, மன்னியும்.

கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. நேர்ச்சை. இந்தக் கதையை இனிமேல் தொடுவதில்லை என்று சகாய மாதாவிடம் நேர்ந்துகொண்டு ஒரு வருஷம் ஆகிறது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஊரில் கறியை விடுவார்கள், காப்பியை விடுவார்கள், நான் தொடர்கதையை விட்டேன். காப்பியை விடுவது சுலபம் தங்கச்சி. தவக்காலம் நாற்பது நாளும் காப்பி வாசனை பிடிக்காமல் இருந்திருக்கிறேன். இது அப்படி இல்லை. பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன், கடன் வாங்கினவள் மாதிரி.

நீங்களும் திருச்சிதானே? நல்லது. பஸ் போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கிறது. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அந்த வசதி எனக்கு வேறு எங்கே கிடைக்கும்? எங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லப் போய்ப் பாதியோடு நிறுத்திவிட்டேன். மீதிப் பாதி நெஞ்சிலேயே நிற்கிறது.

இந்தப் பையில் என்ன இருக்கிறது தெரியுமா? வெள்ளைக் கவுன், ஒரு மெழுகுதிரி. நாளைக்கு என் பேத்திக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். பிள்ளைக்குப் பேர் மரியா தேன்மொழி. ஆமாம், உங்கள் மடியில் மதில்மேல் நிற்கிறாளே, அதே தேன்மொழி. நாளைக் காலையில் அந்தப் பேரைக் கோயில் பதிவேட்டில் எழுதுவதற்கு முன்னால் என் மகளிடம் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் என்னை எந்த முகத்தோடு பார்ப்பாளோ. சொல்லாமல் இருந்தால், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சாமியார் முன்னால் 'சாத்தானையும் அவன் மாயையையும் விட்டுவிடுகிறேன்' என்று எந்த வாயால் சொல்வேன்?

என் பேர் பெர்னத்தம்மாள். எட்டாவது வரைக்கும் சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் படித்தேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார், அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. மூத்தவன் பெலிக்ஸ் கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறான். இளையவள் செலின். அவளை லால்குடிப் பக்கம் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கோயிலுக்கு எதிர் வீடு. சம்பந்தியம்மா ஒரு நாள் பூசை தவறாதவர், கையில் செபமாலை சுற்றியபடியே இருக்கும். இதைவிட என்ன வேண்டும் என்றுதான் கொடுத்தோம்.

அவர் போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு கட்டுப் பழைய புத்தகம் கொடுத்தார், பொழுது போகும் என்று. அதில் பிடித்தது இந்தக் கிறுக்கு. முதல் மூன்று பாகம் நீலவேணியின் கதை. என்ன கதை தங்கச்சி! வாள் பிடிக்கிற கையால் அவள் பூத்தொடுப்பதை எழுதியிருப்பார் பாருங்கள், நான் செபம் சொல்லும்போதுகூட அந்தக் கை நினைவுக்கு வரும். நாலாம் பாகத்தில் நீலவேணிக்கு ஒரு மகள் வந்தாள், தேன்மொழி. அதற்கப்புறம் கொஞ்சம் சவசவதான், நீங்கள் படிக்கிறவர், உங்களுக்கே தெரியும். படகு, சுரங்கம், ஒற்றன், மறுபடியும் சுரங்கம். நீலவேணியின் குதிரை மூன்றாம் பாகத்தில் அம்பு பட்டுச் செத்தது, ஐந்தாம் பாகத்தில் லாயத்தில் நின்று கனைத்தது. எழுதுகிறவர் யாரோ பெரியவர், பேர் எனக்கு மனதில் நிற்பதில்லை, அவருக்கும் வயதாகியிருக்கும். இத்தனை பாகம் எழுதுகிறவருக்குக் குதிரை எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது என்று மன்னித்துவிட்டேன். ஜனங்கள் விட்டுவிட்டார்கள். டீச்சரே ஐந்தாம் பாகத்தோடு நிறுத்திவிட்டார். நான் விடவில்லை. வாராவாரம் பத்திரிகையை வாங்கி, கதை வந்த பக்கத்தைக் கத்தரித்து, நூல் போட்டுத் தைத்து, கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைப்பேன்.

ஆறாம் பாகத்தில் தேன்மொழிக்குக் கல்யாணம் ஆகிறது. இளவரசன் கடல் கடந்து படையெடுத்துப் போய்விடுகிறான். அவன் போனதும் மாமியார்க்காரி, அந்தப் பெரியராணி, மருமகளைக் கோட்டை அறை ஒன்றில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். முத்திரை மோதிரத்தைப் பிடுங்கிக்கொள்கிறாள், ஓலை அனுப்ப முடியாதபடிக்கு. தேன்மொழிக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். அது யாருக்கும் தெரியாது. வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஐயோ, நான் அழுத அழுகை! என் வீட்டுக்காரர் செத்ததற்கு அழுத மாதிரி அழுதேன், பொய் சொல்லவில்லை.

அந்த வாரப் புத்தகம் எங்கள் ஊருக்குப் புதன்கிழமை வரும். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயிலில் சகாய மாதா நவநாள் செபம். நவநாள் முடிந்து, பஸ் ஸ்டாண்டு கடையில் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கு வீட்டுக்குள் வந்தால், செருப்பைக்கூடக் கழற்றமாட்டேன், வாசல்படியிலேயே உட்கார்ந்து பிரித்துவிடுவேன். ஆறேகாலுக்குப் போன் அடிக்கும். செலின். அவள் ஊரில் நவநாள் ஆறு மணிக்கு. மாமியார் கோயிலுக்குப் போயிருக்கிற நேரம்.

"என்னம்மா பண்ற?"

"இப்பத்தான் கோயில்லேருந்து வந்தேன். சாப்டியா?"

"ம். அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு சொல்லு. இரு, அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்கிரும். நாளைக்குப் பேசுறியா?"

"நாளைக்கு முடியாதும்மா."

"அப்ப அடுத்த புதன் பேசுவோம் தாயி."

பால் வைக்கவில்லை தங்கச்சி. அடுப்பே பற்றவைக்கவில்லை. அங்கே பெரியராணி பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள், அதுதான்.

ஒரு வாரமா? எத்தனையோ வாரம். போன் ஏன் புதன்கிழமை மட்டும் வருகிறது என்று யோசித்தேனா? இல்லை. "அத்தை போனைப் பீரோவுல வச்சுப் பூட்டிருவாங்கம்மா, இன்னிக்குச் சாவிய மறந்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் ஒரு தடவை. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க போனும் கையுமா அலையுறதுக்கு இது எவ்வளவோ தேவலடி" என்றேன். அப்புறம் அவள் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக அவர்கள் போனை வாங்கித்தான் பேசினாள் போலிருக்கிறது. "வெளிய போனா வாசல் கதவ வெளிப்பக்கமாப் பூட்டிட்டுப் போறாங்கம்மா" என்றாள் இன்னொரு தடவை. "திருட்டுப் பயந்தான்டி" என்றேன். சொல்லிவிட்டு, விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு, அந்த அறைக்குள் பூட்டிக் கிடக்கிறவளுக்காக மூக்கைச் சிந்தினேன்.

எந்தக் கதையைப் படித்தாலும் பக்கத்தில் இடி விழுந்தால்கூட எனக்குக் கேட்காது என்று அவர் இருக்கும்போதே சொல்வார். அவர் விளையாட்டாகச் சொன்னார்.

எங்கள் கோயிலில் மன்றாட்டுச் சீட்டு என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். யாருக்காக, என்ன உறவு, என்ன வேண்டுதல், மூன்று கட்டம். எழுதிப் பெட்டியில் போடலாம், பேர் போட வேண்டியதில்லை. வழக்கமாக அதை முழுக்க வாசிக்கவும் மாட்டார்கள். வேலைக்காக இத்தனை பேர், கல்யாணத்துக்காக இத்தனை பேர், நோய் தீர இத்தனை பேர் என்று தொகை சொல்லி எல்லோருக்குமாக மன்றாடுவார்கள். அந்தத் தைரியம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு சீட்டை எடுத்தேன். கதைக்காக மாதாவிடம் கேட்பது தப்புத்தான். ஆனால் அந்த வாரம் பெரியராணி பாலில் எதையோ கலக்கிற இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டாரே, நான் என்ன செய்ய?

எழுதினது வரிக்கு வரி நினைவிருக்கிறது. 'கணவன் கடல் கடந்து போயிருக்க, மாமியாரால் அறைக்குள் பூட்டப்பட்டு, வயிற்றில் மூன்று மாதத்தோடு, அதை வாய்விட்டுச் சொல்லவும் ஆள் இல்லாமல் தவிக்கும் தேன்மொழிக்காக. தாயே, என் குஞ்சுக்கு ஒரு வழி திறவும்.' உறவு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால், சீட்டுகளைப் பிரித்து வாசிக்கிற கோயில் உபதேசியார் என்ன இது என்று துருவுவார். அதனால் 'மகள்' என்று எழுதினேன். கீழே 'ஒரு தாய்.'

மஸ்கட் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது எழுதும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

அந்தப் புதன்கிழமை என் வீட்டுக்காரருக்கு நினைவு நாள். காலையில் பூசை ஒப்புக்கொடுத்திருந்தேன். அதற்கு செலின் வந்தாள், துணைக்குச் சம்பந்தியம்மாவும் வந்தார். மத்தியானமே கிளம்பியிருப்பார்கள். புதன்கிழமையாயிற்றே, நவநாளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சம்பந்தியம்மாதான் நிறுத்தினார். மூன்று பேரும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தோம், நடுவில் சம்பந்தியம்மா.

எங்கள் உபதேசியார் ஞானப்பிரகாசம் வழக்கம்போலத் தொகை வாசித்தார். வாசித்துவிட்டு ஒரு சீட்டைத் தனியாக எடுத்தார். "பிரியமானவர்களே, இத வாசிச்சு எனக்கே தூக்கம் வரல. இந்த ஒரு மகளுக்காக எல்லாரும் முழந்தாளிடுவோம்" என்றார். மைக் வேறு. வெண்கலக் குரல் வேறு. கணவன் கடல் கடந்து என்று ஆரம்பித்தாரே, எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. கோயில் முழுக்க முட்டி போட்டது. ஆண்கள் பக்கமும்தான்.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, "யாரு பெத்த பிள்ளையோ! இந்தக் காலத்துலயும் இப்பிடி ஒரு மாமியாக்காரி இருக்காளே சம்பந்தி, இவளுக்கெல்லாம் நல்ல சாவு வருமா?" என்றார். அருள் நிறைந்த மரியே சொல்லும்போது அந்தக் கோயிலிலேயே அவர் குரல்தான் சத்தமாக இருந்தது.

நான் தலை நிமிரவே இல்லை. மாட்டிக்கொள்வேனோ, யாராவது அந்தக் கதையைப் படித்திருப்பார்களோ என்பதுதான் என் பயம். அந்தப் பக்கம் செலின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இருங்கள், போன் அடிக்கிறது. செலின்தான். எங்கே வருகிறாய் என்று கேட்பாள். இந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அப்புறம் பேசிக்கொள்ளலாம். எங்கே விட்டேன்?

ஆங், நவநாளில். நவநாள் முடிந்து சம்பந்தியம்மா மெழுகுதிரி வாங்கப் போனார். கோயிலுக்கு வெளியே, குகை மாதிரி கட்டிய மாதா கெபிக்கு முன்னால் செலின் என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"அம்மா, நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே. உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"என்னதுடி?"

"மூணு மாசம்னு. அவர் லீவுல வந்துட்டுப் போனதுலேருந்து நான் யாருகிட்டயும் சொல்லலம்மா. போன தடவ கலைஞ்சப்ப, தண்ணி தூக்க வச்சது யாருன்னு பேச்சில்ல, நான் ராசி கெட்டவள்னு அத்தை தெருவெல்லாம் சொன்னாங்க. அதான் இந்தத் தடவ பயந்துக்கிட்டு மூடி வச்சிருந்தேன். சின்னதுல நீ என்னக் கூப்புடுற மாதிரியே 'என் குஞ்சு'ன்னு வாசிச்சாருல்ல, அப்பவே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. அத்தைக்குத் தெரியக்கூடாதுன்னு பேர மாத்தி எழுதிருக்க. நான் போன்ல சொல்ல வர்றப்பல்லாம் நீ பேச்ச மாத்துனியே, அத்தை கேட்டுக்கிட்டு இருப்பாங்கன்னுதானே? எனக்குத்தான் புரியல. உனக்கு என்மேல அக்கறையே இல்லன்னு நெனச்சிட்டேன்மா."

தங்கச்சி, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சொல்லுங்கள். அந்தப் பிள்ளை மூன்று மாதமாக இல்லாத வெளிச்சத்தோடு என் முகத்தைப் பார்க்கிறது. நான் வாயைத் திறந்தேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதாடி?" என்றேன்.

இரண்டே வார்த்தை. மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். மெலிந்திருந்தாள். காலையிலிருந்து கூடவே இருந்தாள், மெலிந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது.

சம்பந்தியம்மா வந்துவிட்டார். "என்ன குசுகுசுன்னு, அம்மாளும் மகளும்? பஸ் போயிரும், கெளம்பு."

"இவ இங்கயே இருக்கட்டும் சம்பந்தி" என்றேன்.

"இருக்கட்டுமா? யாரக் கேட்டு?"

நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாதவள். காய்கறிக்காரனிடம்கூடப் பேரம் பேசமாட்டேன். அன்றைக்கு எங்கிருந்தோ வந்தது: "எம் மக ஒண்ணும் உங்க வீட்டு விளக்கு இல்ல, ஏத்தி வச்சுட்டுப் பூட்டிக்கிட்டுப் போறதுக்கு!"

எங்கிருந்தோ என்ன, எனக்குத் தெரியும். ஆறாம் பாகம், நீலவேணி பெரியராணியின் சபையில் நின்று சொல்வது. அங்கே 'அரண்மனை விளக்கு' என்று இருக்கும், நான் 'வீட்டு விளக்கு' ஆக்கினேன். தைரியமும் என்னுடையது இல்லை பாருங்கள்.

சம்பந்தியம்மா திகைத்துப்போய், "என்ன சம்பந்தி, நாடகத்துல பேசுற மாதிரி பேசுறீங்க?" என்றார்.

செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அத்தை, உள்ள முட்டி போட்டு அழுதீங்களே, யாருக்காக அழுதீங்க?"

அந்த அம்மாவின் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. கையிலிருந்த மெழுகுதிரியைக்கூடக் கொளுத்தாமல், அதைக் கெபியின் படியில் வைத்துவிட்டுப் போனார். அதற்கும் நான்தான் காரணம் என்று அப்புறம் உறுத்தியது. உபதேசியார் வாசித்தபோது மனதாரத்தானே அழுதார்கள்?

வீட்டுக்கு வரும் வழியில் கடைக்காரர் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இந்த வாரம் தேன்மொழி தப்பிக்கிறாளாமே அக்கா" என்றார். வேண்டாம் தம்பி என்றேன். அன்றைக்கு நேர்ந்துகொண்டதுதான்.

அப்புறம் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செலின் என்னோடு இருந்தாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, விஷயம் தெரிந்ததும் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், எதிர்த்துப் பேசாமலே திருச்சி பாலக்கரையில் வாடகைக்கு வீடு பார்த்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. இப்போது ஐந்து மாதம். சம்பந்தியம்மாவும் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்.

ஆனால் செலின் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே பாட்டு. "எங்கம்மாவுக்கு நான் வாயத் திறக்காமலே தெரிஞ்சுபோச்சுக்கா, பூட்டுன கதவுக்குள்ள எம் மனசப் பாத்தாங்க" என்று நர்ஸிடமெல்லாம் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஊசி குத்தும். நல்லவேளையாக ஏழாம் மாதத்தோடு அதை நிறுத்திவிட்டாள். வளைகாப்புக்கு வந்த பெண்கள் கேட்டபோதுகூட "அதெல்லாம் இருக்கட்டும்" என்று பேச்சை மாற்றினாள். பெருமை பேசிக்கொள்ளாத பிள்ளை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று போனேன். "சாமி, இல்லாத ஒரு பெண்ணுக்காக ஊரையே முட்டி போட வச்சுட்டேன்" என்றேன். சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமுவது மாதிரி சமாளித்தார். "போகட்டும்மா. நீங்க பேரத் தப்பா எழுதுனாலும் மாதாவுக்கு விலாசம் தெரியும்" என்றார். அந்த வார்த்தை எனக்கு மருந்து மாதிரி இருந்தது. ஆனால் மகளிடம் சொன்ன பொய்யை அவரிடம் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டைத்தான் நினைத்து நினைத்துப் பயந்தேன். எரிக்கவும் மனம் வரவில்லை. செலின் வீட்டைத் துடைக்கிறேன் பெருக்குகிறேன் என்று அங்கேயெல்லாம் குனிவாள். ஒரு நாள் நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், கட்டு தூசி தட்டி வைத்திருக்கிறது. நான் வெள்ளை நூலால் கட்டியிருந்தேன், இப்போது பச்சை நூல். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பழைய நூல் இற்றுப் போயிருக்கும், மாற்றியிருப்பாள், சுத்தக்காரி. ஆறாம் பாகத்தில் ஒரு வாரத்தை நான் முன்பின்னாக மாற்றி வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் தொட்டுப் பார்த்தேன், படிக்கவில்லை, தொட்டுத்தான் பார்த்தேன், அது சரியான இடத்தில் இருந்தது. நானே எப்போதோ சரிசெய்திருப்பேன் போலிருக்கிறது. அவள் பிரித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே என்னை உலுக்கியிருப்பாளே. மாதாதான் மறைத்தாள்.

பிள்ளை பிறந்த அன்றைக்குப் பேர் கேட்டார்கள். நான் லூர்து மேரி என்று சொல்ல வாயெடுத்தேன். செலின் என்னைப் பார்த்துக்கொண்டே, "தேன்மொழின்னே வைப்போம்மா. அவளாலதானே நான் வெளிய வந்தேன்" என்றாள். பிள்ளையைத்தான் சொல்கிறாள். அது வயிற்றில் இருந்ததால்தானே வெளியே வர முடிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வேற பேர் வைப்போமே தாயி என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். பிடிவாதம்.

அதனால்தான் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். 'செலினு, நான் உன்னப் பாக்கல. கதையில இருந்த பொண்ணத்தான் பாத்தேன். உன் போனக் கட் பண்ணிட்டு அவளுக்காக அழுதேன்.' இவ்வளவுதான். வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டே வருகிறேன். காலையில் வாசிக்கிற விவிலிய வாசகத்தைக்கூட இவ்வளவு தடவை சொல்லிப் பார்த்ததில்லை.

மறுபடியும் போன். இவளுக்கு என்ன அவசரமோ. அப்புறம்...

ஏன் தங்கச்சி அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆமாம். ஆமாம், போன தடவையும் எடுக்கவில்லை. அவளுடைய கதையை உங்களிடம் சொல்வதற்காக அவளையே... ஐயோ.

"அலோ, செலினு? ... பஸ்லதான் வர்றேன் தாயி. கேக்குது, கேக்குது, சொல்லு. ... கவுன் எடுத்துக்கிட்டேன். மெழுகுதிரியும் இருக்கு. ... என்னது? புத்தகமா? பஸ் ஸ்டாண்டுல எறங்கி... என்ன புத்தகம்? ... ஏழாம் பாகமா?"

...

"உனக்கு எப்பிடிடி ஏழாம் பாகம்னு..."

...

"எப்ப? ... பச்ச நூல்..."

தங்கச்சி, கொஞ்சம் இந்தப் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மத்தியானத்தில் படித்தாளாம். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில். நாலாம் பாகத்திலிருந்து எல்லாம். விளக்கு வசனம் வருகிற இடத்தில் சிரித்தாளாம், அப்புறம் அழுதாளாம். அப்படியானால் அவளுக்குத் தெரியும். பேர் வைக்கும்போது தெரியும். வளைகாப்பின்போது தெரியும். நான் அவளைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்துகொண்டு என் வீட்டில், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் பொய்யை மூடி வைத்திருந்தேன் என்று நினைத்தேன். அவளல்லவா எனக்காக மூடி வைத்திருந்தாள்.

"அலோ... இருக்கேன், இருக்கேன் தாயி. ... இல்ல, அழல. ... நான் அதத் தொட மாட்டேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன்டி. ... நீ படிக்கிறியா? நான் கேட்டாப் போதுமா?"

இவள் படிப்பாளாம், நான் கேட்க வேண்டுமாம். அதற்கு நேர்ச்சை தடுக்காதாம்.

வேண்டாம் தங்கச்சி. புத்தகத்தை நீட்டாதீர்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தேன்மொழி என்ன ஆனாள் என்றும் சொல்லாதீர்கள். இத்தனை நாள் காத்திருந்தாள், இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

"செலினு. அந்தக் கதை கெடக்குது. மொதல்ல நீ சொல்லு. அந்தப் புதன்கிழமைங்கள்ல 'ஒண்ணு சொல்லணும்'னு போன் பண்ணுவியே, என்ன சொல்ல வந்த? ... மறந்துபோச்சா? மறந்திருக்காது. மொதல் புதன்லேருந்து சொல்லு. ஒண்ணையும் விடாத. ... இல்ல, அடுப்புல ஒண்ணும் இல்ல."

தங்கச்சி, திருச்சி ஜங்ஷன் வந்தால் என் தோளைத் தட்டி எழுப்புங்கள். இவள் பேசும்போது எனக்கு வேறு எதுவும் கேட்காது.